ஒரே மனை, மூன்று வரைபடம்: திருத்தத்தை எதிர்க்க முடியுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

எங்கள் தெருமுனைக் காலி மனைக்கு இரண்டு வருடம் முன்பே அடுக்குமாடிக் கட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். இப்போது வேலியில் "திருத்திய வரைபடம்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. குடியிருப்பு என்று இருந்தது, குடியிருப்பும் வணிகமும் என்று ஆகியிருக்கிறது. முதல் தடவை வாய் திறக்காதவர்கள் இப்போது எதிர்க்க முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

மார்ச் 2, இரவு

சரியில்லை. பெரிய திருத்தம் என்றால் பெரும்பாலும் தனி விண்ணப்பம், தனி அறிவிப்பு, தனிக் கெடு. முதல் அனுமதிக்கு நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்பதற்காக அப்புறம் அவர்கள் எதை மாற்றினாலும் தலையாட்டுவதாக யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று, எது மாறியதோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும். "இங்கே கட்டடமே வேண்டாம்" என்று இப்போது எழுதினால் மனு ஓரமாகப் போய்விடும், அது முடிந்த கதை.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் தெருவிலும் இப்போது இதே கூத்துதான். மனை 2,400 சதுர மீட்டர். முதல் வரைபடத்தில் மூன்று மாடி, 18 வீடு, கிழக்கு ஓரத்தில் 400 சதுர மீட்டர் திறந்தவெளி, மரங்களோடு. இரண்டாவதில் தரைத்தளம் கடைகளாக ஆனது. சரி, கடைதானே என்று விட்டோம். மூன்றாவது இப்போது வந்திருக்கிறது: கடைகள் "சேமிப்பும் வினியோகமும்" ஆகிவிட்டன, நம் பேச்சில் கிடங்கு. திறந்தவெளி லாரி திரும்பும் இடமாகிவிட்டது.

நேற்று அதை அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். பக்கவாட்டில் முன்பு 3 மீட்டர் விட்டிருந்தார்கள், இப்போது ஒன்றரைதான். பாதியை விழுங்கிவிட்டார்கள். மனுவின் முதல் வரியே இதுதான்.

மார்ச் 3

வரைபடம் பார்க்கத் தெரியாதே என்கிறவருக்கு. எனக்கும் தெரியாது. வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும், வரைபட எண், தேதி, திருத்த எழுத்து (ஏ, பி, சி) எல்லாம் அதில். மாறிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி நெளிநெளியாகக் கோடு போட்டிருப்பார்கள். அந்த மேகத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எங்களுக்கு வந்த மூன்றாவது தாளில் மேகம் போட்டிருந்தது இரண்டாவதிலிருந்து மாறியவற்றுக்கு மட்டும். இரண்டாவதைப் பார்க்காதவருக்குக் கடைகள் வந்த விஷயமே தெரியாமல் போயிருக்கும், கடை கிடங்கானது மட்டும்தான் தெரியும். அதனால் கடைசித் தாளை முதல் தாளோடு ஒப்பிடுங்கள், நடுவில் எத்தனை வந்திருந்தாலும் சரி.

நான் செய்தது: காலை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டேன். கோடு இரட்டையாகத் தெரிகிற இடமெல்லாம் மாறிய இடம். வீட்டில் எல்லாரும் ஜன்னல் திரை மாற்றியிருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

மார்ச் 5

மார்ச் 2-ல் எழுதிய ஒன்றரை மீட்டர் தப்பு. முழுத் தப்பு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருடம் வரைபடம் வரைந்தே ஓய்வு பெற்றவர். மனுவின் நகலைப் பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டு, "தம்பி, ஸ்கேல் வைக்கிறதுக்கு முன்னாடி தாள் என்ன சைஸ்னு பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். முதல் வரைபடத்தை அலுவலகத்தில் ஏ1 தாளில் நகல் வாங்கியிருந்தேன். மூன்றாவதை நானே அச்செடுத்தது, ஏ3-ல். ஏ1-ஐ ஏ3 ஆக்கினால் நீளம் எல்லாம் சரிபாதி. 3 மீட்டருக்கு 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கோடு 15 ஆகத் தெரிந்தது, நான் ஒன்றரை மீட்டர் என்று படித்துவிட்டேன். பக்கவாட்டில் அவர்கள் ஒரு அங்குலம்கூடத் தொடவில்லை. ஜன்னலில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். ஒட்டுவதற்காக ஏ1-ஐயும் கடையில் கொடுத்து ஏ3 ஆக்கியிருந்தேன், அங்கே கோடுகள் ஒன்றாகத்தான் விழுந்தன, அதைப் பார்த்தும் என் மண்டையில் உறைக்கவில்லை.

இனி அளந்த எண்ணை நம்பாதீர்கள். எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், எண் இல்லாவிட்டால் வரைபடத்திலேயே ஒரு அளவுப் பட்டை இருக்கும், அது தாளோடு சேர்ந்து சுருங்கும், அதை வைத்து அளங்கள். இந்த வரியோடு நான் மனு கொடுத்திருந்தால் மற்ற எல்லா வரியும் அதோடு சேர்ந்து செத்திருக்கும்.

மார்ச் 6

"கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறவே இல்லை, உள்ளே என்ன வைத்தால் உங்களுக்கென்ன?" என்று ஒருவர். நல்ல கேள்வி. 1947-ல் பிரிட்டனில் வந்த நகர், ஊரகத் திட்டச் சட்டம் இதற்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது: குறிப்பிடத்தக்க பயன்பாட்டு மாற்றமும் வளர்ச்சிப் பணிதான், ஒரு செங்கல் வைக்காவிட்டாலும் அனுமதி வேண்டும். வீடு வீடாக இருக்கும்வரை தெருவுக்கு ஒரு கணக்கு, அதே சுவருக்குள் கிடங்கு வந்தால் வேறு கணக்கு. 18 வீட்டுக்காரர்கள் இரவு 2 மணிக்குப் பின்பக்க ஹாரன் அடித்துக்கொண்டு வரமாட்டார்கள். ஓரிருவர் வரலாம், அது வேறு.

மார்ச் 8

திருத்தம் திருத்தமாக எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நொய்டா இரட்டைக் கோபுரத்தைவிடப் பெரிய பாடம் கிடையாது. இடிந்து விழுந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதற்கு முந்தைய கதைதான் நமக்கு வேண்டியது. முதல் வரைபடம் 2005-ல். திருத்தம் 2006-ல், மறுபடி 2009-ல், மறுபடி 2012-ல். வாங்கியவர்களுக்குப் பசுமைப் பகுதி என்று காட்டிய இடத்தில் கடைசியில் 40 மாடி வரை இரண்டு கோபுரங்களுக்கு அனுமதி இருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே 16 மீட்டர் இருக்க வேண்டும், இருந்தது 9. குடியிருப்போர் வரைபடத்தைக் கேட்டபோது அதிகாரிகள் கட்டுமான நிறுவனத்தின் சம்மதத்தைக் கேட்டார்கள், நிறுவனம் மறுத்தது, வரைபடம் கிடைக்கவில்லை. (யாரை எதிர்த்துப் புகாரோ அவரிடமே அனுமதி கேட்பது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.)

குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-ல் இடிக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 அன்று அதை உறுதி செய்தது, 2022 ஆகஸ்ட் 28 பிற்பகல் இரண்டரை மணிக்கு 3,700 கிலோ வெடிமருந்து வைத்து ஒன்பது நொடியில் இறக்கினார்கள். அதற்குள் ஒன்று 32 மாடி, இன்னொன்று 29 மாடி வளர்ந்திருந்தது.

ஜெயித்த கதை என்று இதைச் சொல்லவில்லை. 2009 திருத்தத்திலிருந்து கணக்குப் போட்டால் 13 வருடம். வரைபடம் தாளாக இருக்கும்போது ரப்பர் போதும்.

மார்ச் 9

இன்னொரு வழக்கும் உண்டு, யாரும் பேசுவதில்லை. வேல்ஸில் இரண்டு காற்றாலைகள், நுனி உயரம் 100 மீட்டர் வரை என்று அனுமதியின் விவரத்திலேயே எழுதியிருந்தது. நிபந்தனை ஒன்றில் வரைபட எண் இருக்கிறது அல்லவா, அந்த எண்ணை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று விண்ணப்பம் போட்டார்கள். புதிய எண்ணுள்ள வரைபடத்தில் 125 மீட்டர்! 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நிபந்தனையை மாற்றுகிறேன் என்ற பெயரில் அனுமதியின் விவரத்தையே மாற்றக் கூடாது என்றது.

அது அந்த நாட்டுச் சட்டம், எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: உங்கள் அனுமதிக் கடிதத்தின் முதல் பத்தியில் "என்ன கட்டடம்" என்று எழுதியிருக்கிறது, திருத்தம் அதை மீறுகிறதா.

மார்ச் 11

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. எதிர்வீட்டு அக்கா நான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ இங்க குடிவந்தப்போ உன் வீட்டை எதிர்த்து யாராவது கையெழுத்து வாங்கியிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

பதில் இல்லை. அந்த 18 வீடு யாருக்கோ வேண்டும்தானே. நில வகைப்பாட்டின் (எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று பிரிப்பது) வரலாற்றைப் புரட்டினால் அக்கா கேட்டது இன்னும் உறுத்துகிறது. நியூயார்க்கில் 1915-ல் 38 மாடிக் கட்டடம் ஒன்று வந்து, நெட்டுக்குத்தாக எழும்பித் தெருவையே நிழலில் மூழ்கடித்தது, அடுத்த வருடமே உயரத்துக்கும் பின்னொதுக்கத்துக்கும் (உயரே போகப் போகக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்குவது) நகரம் முழுக்க விதி வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, வெயில், காற்று. ஆனால் 1926-ல் யூக்ளிட் என்ற சிற்றூரின் வகைப்பாட்டு விதியைச் சரி என்று சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அடுக்குமாடி வீட்டை ஒட்டுண்ணி என்றே எழுதியிருக்கிறார்கள். தனி வீடுகளின் காற்றையும் வெளிச்சத்தையும் உறிஞ்ச வருகிறதாம். அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1917-ல், எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று லூயிவில் நகரம் போட்டிருந்த சட்டத்தை அதே நீதிமன்றம்தான் தள்ளுபடி செய்தது. கருவி ஒன்றுதான், பிடிக்கிற கை வேறு.

என் மனு வரைவைத் திரும்பப் படித்தேன். "புதிதாக வருகிறவர்களால் தெருவின் தன்மை கெடும்" என்று ஒரு வரி. நான்தான் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன். "வீட்டு மதிப்பு குறையும்" என்பதையும் அடித்தேன், ஆனால் அதற்குக் காரணம் மனசாட்சி கிடையாது, பல ஊர்களில் அதைத் திட்டக் காரணமாக எடுத்துக்கொள்வதே இல்லை.

மார்ச் 14

கண்டுபிடித்தோம்! பெரியவர்தான் கண்டுபிடித்தார், நான் டார்ச் பிடித்தேன்.

குறுக்குவெட்டு வரைபடத்தில் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டுவது) சின்ன முக்கோணம் போட்டு மட்டம் எழுதியிருப்பார்கள். மூன்று தாளிலும் தெரு நடுவின் மட்டம் 100.00 (மீட்டரில், ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்ட எண்). முதல் தாளில் தரைத்தள மட்டம் 100.45. அதாவது தெருவிலிருந்து முழங்கால் உயரம். மூன்றாவதில் 101.20. முக்கால் மீட்டர் ஏறியிருக்கிறது, மேகம் கிடையாது, குறிப்பிலும் ஒரு வார்த்தை கிடையாது. கட்டட உயரம் இரண்டிலும் 11.90 மீட்டர் என்றுதான் இருக்கிறது, ஏனென்றால் உயரத்தைத் தரைத்தளத்திலிருந்து அளக்கிறார்கள். தளத்தைத் தூக்கினால் எண் அப்படியே இருக்கும், மொட்டைமாடி மட்டும் 112.35-லிருந்து 113.10 ஆகிவிடும். ஜன்னலில் ஒட்டிப் பார்த்தது மேலிருந்து பார்க்கும் வரைபடம், அதில் இது தெரிய வாய்ப்பே இல்லை.

நான் உயரத்தைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் பென்சிலால் 101.20-ஐத் தட்டி, "லாரியோட பின்கதவு எவ்வளவு உயரம் இருக்கும்?" என்றார். வெளியே போய் நின்றுகொண்டிருந்த லாரியை டேப் வைத்து அளந்தோம், டிரைவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தரையிலிருந்து 1 மீட்டர் 18. சாமான் ஏற்றி இறக்கும் மேடைக்கு 1.2 மீட்டர்தான் வழக்கமான உயரமாம்.

பெயரை நாளைக்கே "கடை" என்று திருப்பி எழுதிக் கொடுக்கலாம். தரை அந்த உயரத்தில் இருக்கும்வரை அது கிடங்குதான்.

மார்ச் 15

"வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்தியிருப்பார்கள்" என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். நானும் யோசித்தேன், அதனால் வீடுகளுக்குப் போகிற வாசலைப் பார்த்தேன். அது இன்னும் 100.45. தண்ணீர் வந்தால் அட்டைப்பெட்டி பிழைக்கும், ஆள் நனைவார் போலிருக்கிறது.

தண்ணீர் பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. 50 மில்லிமீட்டர் மழை 400 சதுர மீட்டரில் விழுந்தால் 20,000 லிட்டர். மண்ணாக இருந்தால் பெரும்பகுதி இறங்கும், கான்கிரீட்டில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும், ஓடுகிற திசை எங்கள் பக்கம். இது மனுவில் போகிறது.

சத்தத்தைப் பற்றி ஒரு திருத்தம், முந்தாநாள் ஒருவருக்கு அவசரத்தில் சொன்னது. லாரி எண்ணிக்கை இரட்டிப்பானால் டெசிபல் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். ஆனால் இரவில் லாரியே வராத தெருவில் ஒன்று வந்தால் அதை எதோடு கூட்டுவது? அதனால் டெசிபலை விட்டுவிட்டு "எந்த நேரத்தில்" என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 19

மனு நாலு பக்கத்திலிருந்து ஒன்றேகால் பக்கமாகச் சுருங்கிவிட்டது. எட்டுக் குறையில் மூன்றுதான் மிச்சம்: பயன்பாட்டு மாற்றம், தள மட்டம், திறந்தவெளி. ஒவ்வொன்றுக்கும் வரைபட எண், திருத்த எழுத்து, முதல் தாளில் என்ன, இப்போது என்ன. வீடு வேண்டாம் என்று ஒரு வார்த்தை இல்லை, கடைக்கு ஆட்சேபனை இல்லை என்றுகூட எழுதியிருக்கிறேன். அதனால் இரண்டு பேர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்கா கையெழுத்துப் போட்டார்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேர் நகலெடுத்து அனுப்பாதீர்கள். எங்களுக்கு அலுவலகத்தில் சொன்னது, ஒரே வாசகம் என்றால் ஒரே ஆட்சேபனையாகத்தான் எண்ணுவோம் என்று. மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலைப் பற்றி எழுதிய மூன்று கடிதமே தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது.

மார்ச் 20

கொடுத்தாயிற்று. நகலில் முத்திரை வாங்காமல் யாரும் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

ஏப்ரல் 30

விசாரணை முடிந்தது. இருபது நிமிடம், எனக்கு மூன்று. லாரி அளந்த கதையைச் சொல்ல ஆசையாக இருந்தது, பெரியவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். இரண்டு மட்டத்தையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிர்த்தரப்பு வெள்ளம் என்றது. அதிகாரி தாளைப் புரட்டி, "அப்படியானால் வீட்டு வாசல் ஏன் கீழே இருக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் கேட்க நினைத்ததுதான், அவர் வாயால் வந்தது.

மே 12

ஆணை வந்துவிட்டது. சேமிப்பும் வினியோகமும் நிராகரிப்பு. கடைகளுக்கு அனுமதி. தள மட்டம் பழையபடி 100.45. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை சரக்கு இறக்கக் கூடாது. திறந்தவெளி 400 கேட்டோம், 280 தான், மீதி வண்டி நிறுத்த. மரங்கள் எந்தப் பக்கம் என்று ஆணையில் இல்லை, அதை மனுவில் எழுதாமல் விட்டது என் தப்பு.

முதல் கேள்வி கேட்டவர் கெடுவுக்குள் மனு போட்டாரா என்று தெரியவில்லை. போட்டிருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

ஆகஸ்ட் 17

அடித்தளம் முடிந்து தரைமட்டச் சுவர் எழும்பிவிட்டது. காலையில் பெரியவரும் நானும் தண்ணீர் நிரப்பிய டியூபோடு போனோம், ஒரு முனை தெரு நடுவில் நாங்கள் போட்டிருந்த ஆணியில், மறு முனை சுவரில். தண்ணீர் அசைந்து அசைந்து நிற்க அரை நிமிடம் ஆனது. 45 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், 47 காட்டியது. நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "ரெண்டு சென்டிமீட்டருக்கெல்லாம் மனு எழுதாதே தம்பி, டியூப்ல காத்து அடைச்சிருக்கும்" என்றார்.

இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி கிட்டே வந்து, அவர்கள் டியூப் காலையில் கிழிந்துவிட்டதாகவும் மத்தியானம் வரை இதைத் தர முடியுமா என்றும் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தோம்.